ஈர்க்கில் வந்த கால்கள்

அம்பகரத்தூர் காளியம்மன் பாதத்தை மனதில் நினைத்து இதை எழுத ஆரம்பிக்கிறேன். நம் காரைக்கால் வணிகர் சங்க மலருக்கு உங்க அனுபவத்தை எழுதித் தாங்க என்று தம்பிகள் வந்து கேட்டபோது, எட்டாவதோடு நின்றவன் என்னத்தை எழுதப் போகிறேன் என்று சிரித்து அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமே நானாக ஆள் அனுப்பி, எழுதுகிறேன் என்று சொன்னேன். நடுவில் நடந்தது இதுதான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற செருப்புக் கடைக்குள் சும்மா பார்க்கப் போனேன். தொழில் பார்த்தவனுக்கு வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியாது. குழந்தைகள் பகுதியில் ஒரு சுவர் முழுக்க நீலம், எதிர்ச் சுவர் முழுக்க ரோஸ். நீலப் பக்கம் ஓடுகிற ஷூ, பந்து விளையாடுகிற ஷூ. ரோஸ் பக்கம் பூ வைத்தது, பளபளவென்று மின்னுவது. அங்கே நின்ற பெண்ணிடம், இந்தப் பக்கம் ஓடுறதுக்கு ஏதும் இல்லையாம்மா என்று கேட்டேன். "கேர்ள்ஸுக்கு இதுதான் தாத்தா போகும்" என்றது. தங்கமான பிள்ளை, உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதே வார்த்தையை எழுபதுகளிலேயே நான் கேட்டிருக்கிறேன். அதற்கு எங்கள் கடை ஒரு பதில் சொன்னது. அதை எழுதாமல் போனால் அம்மன் என்னைக் கேட்பாள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது மார்க்கெட்டுக்குத் திரும்புகிற முனையில் இருந்த ஷூக் கடை. முதலாளி முஸ்லிம். சின்ன வயதில் சைகோன் போய், அங்கே ஒரு வெள்ளைக்காரன் ஷூக் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். காலின் அளவை அவர் நம்பர் என்று சொல்ல மாட்டார், பிரெஞ்சில் புவாந்த்யூர் என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் வந்தது. கலியமூர்த்தி என்ற என் பேரைக் கலியா என்று சுருக்கியவரும் அவர்தான். முதல் வருஷம் பெட்டி தூக்கினேன். அடுத்து லேஸ் கோத்தேன். அதற்கப்புறம்தான் வாடிக்கையாளர் காலுக்கு முன்னால் உட்காருகிற சின்ன ஸ்டூல் எனக்குக் கிடைத்தது.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நாலாக மடித்து மேஜைமேல் வைப்பார். அதைப் பார்த்ததும் நாங்கள் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவோம். பிள்ளைகள் விஷயத்தில் அவர் வைத்திருந்த முறையை இன்றைக்கும் நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். வாசலில் தண்ணீர் வாளி, சொம்பு, துணி. புழுதிக் காலோடு வரும் பிள்ளைக்கு முதலில் கால் கழுவித் துடைக்க வேண்டும். அளவுப் பலகையில் பிள்ளையை நிற்க வைத்துத்தான் அளக்க வேண்டும், உட்கார வைத்து அளக்கக் கூடாது. ஏனென்றால் உடம்புப் பாரம் இறங்கும்போதுதான் கால் விரியும், அதுதான் நிஜமான கால். இரண்டு காலையும் அளக்க வேண்டும், ஒன்று சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும், பெரியதற்குத்தான் ஷூ. பெருவிரலுக்கு முன்னால் என் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். லேஸ் கட்டி முடித்ததும் பிள்ளை தெருமுனை விளக்குக் கம்பம் வரைக்கும் ஓடிவிட்டு வர வேண்டும். வந்ததும் ஷூவின் முன்பக்கம் எங்கே மடிந்திருக்கிறது, குதிகால் தூக்குகிறதா என்று பார்த்த பிறகுதான் பெட்டியை மூட வேண்டும். ஓடிப் பார்க்காமல் விற்றால் அது ஏமாற்று வியாபாரம் என்பார்.

இந்த முறை அத்தனையும் பையன்களுக்குத்தான் நடந்தது. முதலாளி அப்படிச் சொல்லவில்லை. பெண் பிள்ளைகள் கடைக்கே வரவில்லை, அதுதான் காரணம். அப்பாவோ அண்ணனோ வருவார்கள், சட்டைப் பையில் ஒரு ஈர்க்குக் குச்சி இருக்கும். விளக்குமாற்றிலிருந்து உருவி, பிள்ளையின் கால் நீளத்துக்கு ஒடித்தது. அதைத்தான் பலகையில் வைத்து அளப்போம். ஈர்க்கு எப்படி ஓடிக் காட்டும்?

அலமாரிக்கு மேலே இரண்டு போர்டு இருந்தது. பையன்கள் என்று ஒன்று, பெண் பிள்ளைகள் என்று ஒன்று. பையன்கள் பக்கம் லேஸ் வைத்த வெள்ளை கேன்வாஸ், பெட்டியின் மேல் ஒரு பையன் ஓடுகிற படம். பெண் பிள்ளைகள் பக்கம் பட்டை வைத்த கறுப்பு ஷூ, பெட்டியில் பூ. அடி மெலிசு, முன்பக்கம் குறுகல். கோயிலுக்குப் போட்டுப் போக அழகாக இருக்கும், ஓடினால் கழன்று தனியாகப் போய் விழும்.

அந்த நேரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பி.டி. டீச்சர் வந்தார்கள். ரோஸி டீச்சர். சைக்கிளில் வருவார்கள், பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. எங்க பிள்ளைங்க இனிமேல் வெறுங்காலோட கருங்கல் ஜல்லியில ஓடாதுங்க, லேஸ் ஷூ வேணும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கிராமத்துப் பிள்ளைகள் வீடுகளிலிருந்து ஈர்க்குக் குச்சிகள் பேர் எழுதிய சீட்டோடு பள்ளிக்கூடம் வழியாக வந்தன. நாங்கள் அளந்து, பெட்டி இல்லாமல் கட்டாகக் கட்டி அனுப்பினோம்.

ஒரு மாதத்துக்குள் பாதி திரும்பி வந்தது. கடிக்கிறது, கொப்புளம், போட முடியவில்லை. மெட்ராஸிலிருந்து வந்த கம்பெனி ரெப்பிடம் முதலாளி விஷயத்தைச் சொன்னார். ரெப் நல்ல மனிதர், ஆனால் ஊர் ஊராகச் சுற்றி எல்லாக் கடையிலும் இதையே பார்த்தவர். பொம்பளப் பிள்ளைங்க காலுக்கு லேஸ் ஷூ ஒத்துக்காதுங்க, அடுத்த சீசன்லேர்ந்து பட்டை மட்டும் அனுப்பறேன் என்றார். முதலாளி பார்ப்போம் என்றார். அவர் பார்ப்போம் என்றால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஈர்க்கு நீளத்துக்குக் கட்டைவிரல் இடம் விட்டுத்தானே கொடுத்தேன், பின் ஏன் கடிக்கிறது? அந்த வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிய பிறகு, என் மகளைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை விரித்து, இதுமேல நில்லும்மா, அப்பா வரைஞ்சு பாக்கறேன் என்றேன். என் சம்சாரம் அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தாள். "படிக்கிற புள்ளைய சரஸ்வதிமேல கால வைக்கச் சொல்றீங்களே, புத்தி இருக்கா உங்களுக்கு?" என்று காகிதத்தை உருவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் அவளே ஒரு ஈர்க்கை ஒடித்து, மகளை பெஞ்சில் உட்கார வைத்து, அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பதமாக அளந்து கொடுத்தாள்.

நான் அந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எல்லா வீட்டிலும் இப்படித்தான். பெண் பிள்ளையின் கால் மடியில் அளக்கப்பட்டது. பாரம் இறங்காத கால், விரியாத கால். பையனை நாங்கள் நிற்க வைத்து அளந்தோம், பெண்ணைத் தாய் உட்கார வைத்து அளந்தாள். ஷூவும் அதற்குத் தகுந்த மாதிரி உட்காருகிற காலுக்குத்தான் போயிருக்கிறது.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். துண்டை மடிக்கப் போகிறாரோ என்று பயந்தேன். அவர் சிரித்தார். "அப்ப இனிமே ஈர்க்குக்கு வியாபாரம் கிடையாது கலியா. காலுக்குத்தான் வியாபாரம். வர்றவங்ககிட்ட நீயே சொல்லு" என்றார்.

சொல்வது சுலபமா? முதல் ஆளாக வந்தவர் குரும்பகரத்து கோவிந்தசாமி. சொந்தமாக நாலு மா நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர், நெற்றி நிறையத் திருநீறு, பேச்சில் நெருப்பு. அவர் மகள் செந்தாமரைதான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேகமாக ஓடுகிற பெண். புதுச்சேரியில் நடக்கிற போட்டிக்கு அவளை எடுத்திருந்தார்கள். ஆனால் முதலில் போன ஷூ இரண்டு குதிகாலையும் தோலுரித்துவிட்டது. சரியான ஷூவோடு வந்தால் கூட்டிப் போகிறேன், காலைக் கெடுத்து ஓட வைக்க மாட்டேன் என்று ரோஸி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கோவிந்தசாமிக்கு அதில் வருத்தம். மகள் போக வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது, அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. புது ஈர்க்கு ஒன்றைப் பெரியதாக ஒடித்துக் கொண்டுவந்து, இந்த அளவுக்குக் கொடு என்று நீட்டினார்.

நான் வாங்கவில்லை. பிள்ளையைக் கூட்டிட்டு வாங்கண்ணே, நிற்க வைத்து அளக்கணும் என்றேன்.

"வயசுக்கு வந்த புள்ளய கடைத்தெருவுல கால நீட்டி உக்கார வைக்கச் சொல்றியா? ஓம் பொண்ண நீ உக்கார வைப்பியா?"

வைப்பேன் என்றேன். அவருக்கு இன்னும் கோபம் ஏறிவிட்டது. கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வந்த ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் கடையில் சட்டம், நானோ ஈர்க்கை வாங்க மாட்டேன் என்று நிற்கிறேன். முதலாளி எழுந்து வந்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கலர் சோடா வரவழைத்தார். நடவு ஆச்சா, தண்ணி வந்துச்சா, மாடு எத்தனை என்று விசாரித்தார். ஒரு ஜோடி, வண்டிக்கும் ஏருக்கும் அதேதான் என்றார் கோவிந்தசாமி.

"லாடம் அடிக்க மாட்டக் கொண்டு போவீங்களா, ஈர்க்கக் கொண்டு போவீங்களா?" என்று கேட்டார் முதலாளி.

கோவிந்தசாமி சோடாவைக் கீழே வைத்தார். "எம் பொண்ண மாட்டோட சேக்குறீங்களா பாய்?"

"மாட்டுக்குச் செய்யிறதப் பொண்ணுக்குச் செய்யலியேன்னு கேக்குறேன்."

அவர் எழுந்து போய்விட்டார். பாதி சோடா அப்படியே இருந்தது. போச்சு, வாடிக்கையும் போச்சு, அந்தப் பிள்ளை ஓடுறதும் போச்சு என்று நான் நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி விளக்கு முன்னால் உட்கார்ந்தேன். அம்மனிடம், அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிடு தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மார்க்கெட் கூட்டம் கூடுகிற நேரத்துக்கு மூன்று பேராக வந்தார்கள். அவர், அவர் மனைவி, தாவணி போட்ட செந்தாமரை. நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"வேணாம் மாமா. நீங்க பெரியவங்க, எங்காலத் தொடக் கூடாது. எனக்குப் பாவம்."

பக்தி உள்ள வீட்டுப் பிள்ளை, அப்படித்தான் சொல்லும். நான் சொன்னேன், வெள்ளிக்கிழமை அம்பகரத்தூருக்கு வந்து பாரும்மா, பூசாரி அம்பாள் காலத்தான் முதல்ல கழுவுவார், அவருக்கும் பாவம் இல்ல, அம்பாளுக்கும் பாவம் இல்ல என்று. அது கொஞ்சம் யோசித்துவிட்டுக் காலை நீட்டியது. குதிகாலில் ஆறிக்கொண்டிருந்த புண்ணைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. பலகைமேல் நிற்க வைத்தேன். கால் விரிந்தது. கோவிந்தசாமி அன்றைக்கும் பையில் கொண்டுவந்திருந்த பெரிய ஈர்க்குகூட நீளத்துக்குத்தான் சரி, அகலத்துக்கு ஒரு பேச்சே இல்லை. வலது கால் இடதைவிட நல்ல அகலம். வயலில் நடந்து, வரப்பில் ஓடி வளர்ந்த கால்.

அந்த அளவில் ஒரு கேன்வாஸ் பெட்டியை எடுத்துப் பிரித்தேன். கோவிந்தசாமி பெட்டியைப் பார்த்துவிட்டார். மூடியில் பையன் ஓடிக்கொண்டிருக்கிறான்.

"இது பயலுவ ஷூல்ல? அங்க நாலு ஊர்க்காரன் பாத்துட்டு ஆம்பள ஷூ மாட்டிக்கிட்டு வந்துருக்குன்னு சிரிக்கணுமா?"

அந்தப் பெண்ணே பதில் சொன்னது. "பின்னால ஓடியாரவளுக்கு எங்குதிகாலுதாம்ப்பா தெரியும். அதுல பய படம் போட்டுருக்கா?"

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் வாயைத் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான். நான் பெட்டியை எடுத்து மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஷூவை மாட்டி லேஸ் கட்டினேன். கட்டைவிரல் இடம் சரி. அடுத்தது ஓட்டம்.

இதை எப்படிச் சொல்வது என்று முதலாளியைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார், எங்க கடையில ஓடிப் பாக்காம விக்கறதில்லிங்க, பையனா இருந்தா ஓடச் சொல்லித்தான் குடுப்போம், உங்க பொண்ணுக்கு மட்டும் குறைச்சலாக் குடுக்க எனக்கு மனசு வரல என்று. கடைக்குள்ளேயே நடந்து பார்த்தால் போதாதா என்றார் கோவிந்தசாமி. நடந்தால் குதிகால் தூக்காது, ஓடினால்தான் தூக்கும், அங்கேதான் போன தடவை புண் வந்தது என்று நான் சொன்னேன். வாசலில் மீன்காரம்மாக்கள் கூடையோடு போகிறார்கள், சைக்கிள், மாட்டு வண்டி, வக்கீல் குமாஸ்தா, எல்லோரும் தெருவில். அவர் தெருவைப் பார்க்கிறார், மகள் காலைப் பார்க்கிறார்.

அதுவரைக்கும் தூணோரம் நின்ற அவர் மனைவி முன்னால் வந்தார். மகள் தாவணித் தலைப்பை எடுத்து இடுப்பில் இறுக்கிச் சொருகிவிட்டு, "ஓடு" என்றார்.

அவ்வளவுதான். அந்தப் பெண் ஓடியதை நான் எப்படி எழுதுவேன்? தெருவே ஒதுங்கியது. ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "யாரு வீட்டுப் பொண்ணுடியம்மா, போலீசு தொரத்துதா?" என்று சத்தம் போட்டது. செந்தாமரை கம்பத்தைத் தொட்டுத் திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றது. நான் குனிந்து பார்த்தேன். வலது கால் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. இடது குதிகால் லேசாகத் தூக்கியது. அது சின்னக் கால் அல்லவா. அதற்கு முதலாளி சைகோனில் கற்றுக்கொண்டு வந்த ஒரு கட்டு உண்டு. கடைசி ஓட்டையில் லேஸைக் குறுக்கே விடாமல் அதே பக்கத்தில் ஏற்றி ஒரு சின்ன வளையம் விட வேண்டும். எதிர்ப்பக்கத்து நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால், யாரோ குதிகாலைக் கையால் பிடித்திருக்கிற மாதிரி நிற்கும். கட்டிவிட்டு, இன்னொரு தரம் ஓடணும்மா என்றேன்.

நிமிர்ந்து பார்த்தால் கோவிந்தசாமியைக் காணோம். எட்டிப் பார்க்கிறேன், மனிதர் நடுத்தெருவில் நிற்கிறார். ஒரு கையை நீட்டி வண்டியை மறித்துக்கொண்டு, இன்னொரு கையால் சைக்கிள்காரனை ஓரம் போ ஓரம் போ என்று விரட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் ஓட்டத்தில் குதிகால் அசையவே இல்லை. பெட்டியை மூடப் போனேன். இருங்க என்றார் அவர். "அந்தக் கட்டு எப்படிப் போட்டீங்கன்னு எனக்குக் காட்டுங்க. இவ பதட்டத்துல மறந்துருவா. புதுச்சேரிக்கு நாந்தான் கூடப் போறேன்." நான் எழுந்து நின்றேன். அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்து, மகள் காலைப் பிடித்து, தப்பும் தவறுமாக நாலைந்து தடவை கட்டிப் பழகினார். நாற்று முடி கட்டுகிற கை, சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

அவர்கள் போனதும் முதலாளி அலமாரியை அண்ணாந்து பார்த்தார். ஏணியைப் போடு கலியா என்றார். இரண்டு போர்டையும் கழற்றினேன். அன்று சாயங்காலம் வரைக்கும் கடையைப் பிரித்து அடுக்கினோம். பெட்டியெல்லாம் உள்ளே, ஷூ மட்டும் வெளியே. சின்ன அளவிலிருந்து பெரிய அளவு வரைக்கும் ஒரே வரிசை, பையன் என்றும் பெண் என்றும் பிரிவு இல்லை. வாசல் கண்ணாடியில் வைக்க ஒரு அட்டை எழுதச் சொன்னார். நான் எழுதியது இதுதான்: ஓடுகிற பிள்ளைகளுக்கு. அளவு பார்க்கப் பிள்ளையை அழைத்து வரவும். என் கையெழுத்து ஒன்றும் அழகில்லை, ஆனால் அந்த அட்டை மங்க மங்க நானே திரும்பத் திரும்ப எழுதி, எண்பதுகளில் முதலாளி மகன் கடையை எடுத்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

ரெப் அடுத்த தடவை வந்து தலையைச் சொறிந்தார். காரைக்காலுக்காகக் கம்பெனி பெட்டிப் படத்தை மாத்தாதுங்க என்றார். மாத்த வேணாம், ஷூவ மட்டும் நிறுத்தாம அனுப்புங்க என்றார் முதலாளி. அனுப்பினார். கோட்டுச்சேரியிலிருந்தும் திருநள்ளாறிலிருந்தும் தாய்மார்கள் பெண் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். தெருவில் ஒரு பெண் ஓடிவந்தால் அந்தக் கடைத்தெருவில் அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஷூ வாங்குது போல என்று ஒதுங்கிப் போவார்கள். என் மகளும் அந்தத் தெருவில் ஓடித்தான் ஷூ வாங்கினாள். நான் செய்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று பொய்யாக அடக்கம் காட்ட மாட்டேன். கொடுத்தது அம்மன்.

செந்தாமரை புதுச்சேரியில் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். போட்டி முடிந்து திரும்பிய ரோஸி டீச்சர், வீட்டுக்குக்கூடப் போகாமல் சைக்கிளைக் கடை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்கள். இரண்டாவதாக வந்தாளாம். முதலில் வந்தவளுக்கும் இவளுக்கும் ஒரு கை நீளம்தான் இடைவெளியாம், குதிகாலில் ஒரு கீறல் இல்லையாம். அதைவிடப் பெரிய செய்தியை டீச்சர் கடைசிக்கு வைத்திருந்தார்கள். ஓட்டத்துக்கு முன்னால் கோவிந்தசாமி கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் போய், மகள் முன்னால் தரையில் உட்கார்ந்து இடது கால் லேஸை அவிழ்த்துக் கட்டினாராம். பக்கத்தில் நின்ற வேற்றூர்க்காரர் ஒருத்தர், பொண்ணுக்கு லேஸ்கூடக் கட்டத் தெரியாதா என்று கேலி செய்திருக்கிறார். இவர் நிமிராமலே, உங்க பொண்ணுக்குக் குதிகால் தூக்குது, இப்படி வரச் சொல்லுங்க என்று அந்தப் பெண்ணுக்கும் கட்டிவிட்டாராம். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் வந்து காலை நீட்டிக்கொண்டு நின்றார்களாம்.

முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தவர், என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"கலியா, புதுச்சேரியில நமக்கு ஒரு கிளை தொறந்தாச்சு."